கரி என்ன செய்யும்? என்ன செய்யாது?



வேலை முடிந்து களைப்போடு வந்திருக்கிறீர்கள். அதனால் வெறும் பேச்சாகப் பேசிக்கொண்டே போக மாட்டேன். மேசைமீது சில பொருள்களை வைத்திருக்கிறேன். பாருங்கள். தண்ணீர் இருக்கிறது. பேனா மை இருக்கிறது. உப்பு இருக்கிறது. நல்லெண்ணெய் இருக்கிறது. கொஞ்சம் இலவம் பஞ்சு இருக்கிறது. இந்தக் கிண்ணத்தில் கறுப்பாக இருப்பது கரித்தூள்.

இன்று நாம் பேசப்போவது தண்ணீரைப் பற்றி. தண்ணீரில் கலந்த எண்ணெய், சாயம், பூச்சிமருந்து போன்றவற்றை எப்படி எடுப்பது என்பதைப் பற்றி. முதலில் என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்கிறேன்.

அக்கா வீட்டுக் கிணறு

என் அக்காவை ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். வீட்டை ஒட்டி வயல். வயலின் ஓரத்தில் கிணறு. மாமா நல்ல விவசாயி. பயிருக்கு மருந்தடிப்பார். அடித்து முடித்ததும் கிணற்று மேட்டில் உட்கார்ந்து ஸ்பிரேயரைக் கழுவுவார். கழுவிய நீர் அங்கேயே ஊறிப்போகும். பல வருடம் இப்படியே நடந்தது.

ஒரு கோடையில் கிணற்றில் நீர் குறைந்தது. அப்போது தண்ணீரில் மருந்து வாடை வந்தது. அக்கா பயந்துவிட்டாள். பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு யோசனை சொன்னார். “அடுப்புக் கரியைத் துணியில் முடிந்து பானையில் போடு. வாடை போய்விடும்” என்றார். அக்கா அப்படியே செய்தாள். வாடை குறைந்தது. எல்லோருக்கும் நிம்மதி. குழந்தைகளும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தார்கள்.

சில நாள் கழித்து மீண்டும் வாடை வந்தது. அக்கா என்னிடம் கேட்டாள்: “கரி போட்டுத்தானே வைத்திருக்கிறேன். பிறகு ஏன் வாடை வருகிறது? இத்தனை நாள் குடித்த தண்ணீர் நல்ல தண்ணீரா, இல்லையா?”

அக்காவின் கேள்வி நல்ல கேள்வி. அதற்குப் பதில் தெரிய வேண்டுமானால், கரி எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும்.

கரிமப் பொருள் என்றால் என்ன?

தண்ணீரைக் கெடுக்கும் பொருள்கள் பல வகை. மண்ணும் சேறும் ஒரு வகை. அவை கண்ணுக்குத் தெரியும். கிருமிகள் இன்னொரு வகை. அவை கண்ணுக்குத் தெரியாது. உப்பு, புளோரைடு போன்றவை மூன்றாவது வகை. அவை தண்ணீரில் கரைந்துவிடும்.

நான்காவதாக ஒரு வகை உண்டு. மண்ணெண்ணெய், டீசல், சாயம், பெயிண்ட், பெரும்பாலான பூச்சிமருந்துகள் எல்லாம் இந்த வகை. இவற்றைக் கரிமப் பொருள்கள் என்கிறோம். கரிமம் என்றால் கார்பன். கரியில் இருப்பதும் கார்பன்தான். இந்தப் பொருள்களின் உடம்பிலும் கார்பன் இருக்கிறது.

இவற்றில் பல பொருள்களுக்குத் தண்ணீரோடு அவ்வளவு உறவு இல்லை. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டுவதில்லை என்று நமக்குத் தெரியும். ஆனால் கரியைக் கண்டால் இவை போய் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரை விட்டுக் கரிக்கு வந்துவிடும். கரியின் வேலையே இதுதான்.

முதல் சோதனை: மை

இதோ, ஒரு டம்ளர் தண்ணீரில் சில சொட்டு நீல மை விடுகிறேன். தண்ணீர் நீலமாகிவிட்டது. இதில் இரண்டு கரண்டி கரித்தூள் போடுகிறேன். நன்றாகக் கலக்குகிறேன். உடனே வடிகட்டக் கூடாது. மை போய் ஒட்டுவதற்கு நேரம் வேண்டும். கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும்.

இந்தக் கரி அடுப்புக் கரி இல்லை. தேங்காய் ஓட்டில் செய்தது. முதலில் ஓட்டைக் காற்றுப் படாமல் சுட்டுக் கரியாக்குவார்கள். பிறகு 800 டிகிரிக்கும் மேலான சூட்டில் அதன்மீது நீராவியைச் செலுத்துவார்கள். நீராவி கரியை அரித்து உள்ளே எண்ணற்ற நுண்ணிய துளைகளை உண்டாக்கும். இதற்குச் செயலூட்டிய கரி என்று பெயர். வடிகட்டி டப்பாக்களில் ‘ஆக்டிவேட்டட் கார்பன்’ என்று போட்டிருப்பது இதைத்தான். நம் நாட்டில் தேங்காய் விளையும் பகுதிகளில் இதைச் செய்கிறார்கள். வெளிநாட்டுக்கும் அனுப்புகிறார்கள்.

துளைகளால் என்ன பயன்? ஒரு தேன்கூட்டை நினைத்துப் பாருங்கள். வெளியே பார்த்தால் சிறியது. உள்ளே எத்தனை அறைகள்! ஒவ்வொரு அறைக்கும் சுவர் உண்டு. கரியும் அப்படித்தான். ஒரு கிராம் செயலூட்டிய கரியின் உள்சுவர்களை எல்லாம் விரித்துப் பரப்பினால் சுமார் 1,000 சதுர மீட்டர் வரும். அதாவது ஏறக்குறைய 25 சென்ட் நிலம். ஒரு சிட்டிகைக் கரிக்குள் கால் ஏக்கர்! மையும் மருந்தும் போய் ஒட்டிக்கொள்ள அவ்வளவு இடம் இருக்கிறது. அடுப்புக் கரியிலும் துளைகள் உண்டு. ஆனால் மிகவும் குறைவு. பல துளைகள் அடைபட்டும் இருக்கும்.

கரி நிறத்தை எடுக்கும் என்பதை 1785-ஆம் ஆண்டில் தோபியாஸ் லோவிட்ஸ் என்பவர் கண்டறிந்தார். அவர் ரஷ்யாவில் ஒரு மருந்துச் சாலையில் வேலை செய்தவர். அழுக்கு நிறமாக இருந்த கரைசலில் கரியைப் போட்டார். நிறம் தெளிந்துவிட்டது. அன்று முதல் இன்று வரை இந்த முறை நடைமுறையில் இருக்கிறது.

இப்போது நம் மைத் தண்ணீரைப் பஞ்சு வைத்த புனலில் வடிகட்டுவோம். பாருங்கள். நீலம் எங்கே? கரியில் போய் ஒட்டிக்கொண்டது.

இரண்டாவது சோதனை: உப்பு

இன்னொரு டம்ளரில் உப்புக் கரைத்திருக்கிறேன். இதிலும் புதிய கரித்தூள் போட்டுக் கலக்கி, வடிகட்டிவிட்டேன். யாராவது ஒருவர் வந்து ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள்.

கரிக்கிறதா? ஆம், கரிக்கிறது. கரி உப்பை எடுக்கவில்லை. உப்பை மட்டும் அல்ல, புளோரைடையும் உரத்திலிருந்து வரும் நைட்ரேட்டையும் கரி எடுக்காது. கடின நீரை மென்மையாக்காது. காலரா, வயிற்றுப்போக்குக் கிருமிகளையும் கரியை நம்பி விட முடியாது.

இதில் ஒரு முக்கியமான செய்தி இருக்கிறது. குழாய்த் தண்ணீரில் கிருமியைக் கொல்லக் குளோரின் போடுகிறார்கள். கரி அந்தக் குளோரினையும் எடுத்துவிடும். அதனால் கரி வழியாக வந்த தண்ணீரைப் பல நாள் வைத்திருந்தால் அதில் கிருமி வளரலாம். கரியில் வடித்த நீரையும் கொதிக்க வைத்துக் குடிப்பது நல்லது.

மூன்றாவது சோதனை: நிறைந்த கரி

முதலில் மையை எடுத்த கரி இந்தப் புனலில் இருக்கிறது. இதன்மேலே இன்னும் மைத் தண்ணீர் ஊற்றுகிறேன். நிறம் குறைகிறது. மீண்டும் ஊற்றுகிறேன். இப்போது இளநீலமாக வருகிறது. மீண்டும் ஊற்றுகிறேன். பார்த்தீர்களா? இப்போது கீழே வருவதும் நீலம்தான்.

ஏன்? கரிக்குள் இருந்த இடமெல்லாம் நிறைந்துவிட்டது. கூட்டமான பேருந்தில் இடமில்லாமல் போவதைப் போல. அதற்குமேல் வருபவர் வெளியேதான் நிற்க வேண்டும்.

கரி மையை அழிக்கவில்லை. பிடித்து வைத்திருக்கிறது. அவ்வளவுதான். பிடித்த மை கரிக்குள் அப்படியே இருக்கிறது. மைக்குப் பதில் பூச்சிமருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். பிடித்த மருந்து கரிக்குள் அப்படியே இருக்கும். இடம் நிறைந்த பிறகு வரும் மருந்து நேரே நம் டம்ளருக்கு வரும். மை என்றால் நிறம் காட்டிக்கொடுக்கும். எல்லா மருந்துக்கும் நிறமும் வாடையும் இருப்பதில்லை. அங்கேதான் ஆபத்து.

அக்காவின் கேள்விக்குப் பதில் இதுதான். கரி முதலில் வாடையைப் பிடித்தது. சில நாளில் அது நிறைந்துவிட்டது. வாடை இல்லாத நாள்களிலும் மருந்து இருந்திருக்கலாம். மூக்கை வைத்து அதைச் சொல்ல முடியாது.

ஒரு கோடி லிட்டரில் ஒரு கிராம்

2003-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் ஓர் ஆய்வை வெளியிட்டது. கடையில் விற்கும் பாட்டில் தண்ணீரிலும் பூச்சிமருந்து இருக்கிறது என்று அந்த ஆய்வு சொன்னது. பளிங்கு போன்ற தண்ணீர். அதிலும் மருந்து! நாடே பேசியது. அதன் பிறகு பாட்டில் தண்ணீருக்கான விதிகள் கடுமையாக்கப்பட்டன. ஒரு லிட்டரில் ஒரு பூச்சிமருந்து 0.0001 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு வந்தது.

இது எவ்வளவு சிறியது? 10,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரியை எல்லோரும் பார்த்திருப்போம். அப்படி 1,000 லாரித் தண்ணீரில் ஒரு கிராம் மருந்தைக் கலந்தால் இந்த வரம்பு வந்துவிடும். அதாவது ஒரு கோடி லிட்டரில் ஒரு கிராம். இதை எந்தக் கண்ணும் காணாது. எந்த மூக்கும் அறியாது. பெரிய ஆய்வுக்கூடத்தில் கருவிகளை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர்ச் சோதனைப் பயிற்சி கொடுக்கிறார்கள். அவர்களிடம் ஒரு சோதனைப் பெட்டி இருக்கும். கடினத்தன்மை, புளோரைடு, நைட்ரேட், இரும்பு போன்றவற்றை அதில் பார்க்கலாம். அது மிகவும் பயனுள்ள பெட்டி. ஆனால் பூச்சிமருந்தை அந்தப் பெட்டி காட்டாது. மருந்து கலந்திருக்கும் என்று சந்தேகம் வந்தால் ஊராட்சியில் எழுதிக் கொடுங்கள். ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். இப்போது நமக்கு எழுதத் தெரியும் அல்லவா?

பஞ்சும் எண்ணெயும்

கரைந்த பொருளுக்குக் கரி உதவும். மிதக்கும் எண்ணெய்க்கு வேறு வழி உண்டு. இதோ இந்தத் தட்டில் தண்ணீர். அதன்மேல் நல்லெண்ணெய் ஊற்றியிருக்கிறேன். இலவம் பஞ்சைப் போடுகிறேன். எண்ணெயைக் குடிக்கிறது. தண்ணீரைத் தொடவில்லை. இலவம் பஞ்சின் இழைமீது மெழுகு போன்ற பூச்சு இயற்கையாகவே இருக்கிறது. இழைக்கு உள்ளே வெற்றிடம். அதனால் தண்ணீர் ஒட்டாது, எண்ணெய் ஏறும். பஞ்சைப் பிழிந்தால் எண்ணெய் திரும்ப வரும்.

2017-ஆம் ஆண்டு ஜனவரி 28 அன்று சென்னைக்கு வடக்கே எண்ணூர் அருகே கடலில் இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கறுப்பு எண்ணெய் கொட்டிக் கரை ஒதுங்கியது. கடலோரக் காவல் படையினர், தொழிலாளர்கள், மாணவர்கள், மீனவர்கள் எனப் பலர் பாடுபட்டார்கள். வாளியால் மொண்டு மொண்டு எடுத்தார்கள். மீன் வாங்க மக்கள் பயந்தார்கள். மீனவர் பிழைப்புக் கெட்டது.

இப்படிப்பட்ட நேரத்தில் முதலில் மிதவைத் தடுப்புகளைப் போட்டு எண்ணெய் பரவாமல் வளைக்க வேண்டும். பிறகு எண்ணெய் உறிஞ்சும் விரிப்புகளைப் போட்டு எடுக்க வேண்டும். நேரம் கடந்தால் எண்ணெய் தண்ணீரோடு கலந்து சேறு போலாகிவிடும். அப்போது பஞ்சும் விரிப்பும் அதிகம் உதவுவதில்லை.

பிடிப்பது வேறு, அழிப்பது வேறு

கரியும் பஞ்சும் பிடிக்கும். பிடித்ததை யார் அழிப்பது?

பெரிய ஆலைகளில் நிறைந்த கரியைச் சூளையில் போட்டு மிகுந்த சூட்டில் மீண்டும் சுடுகிறார்கள். ஒட்டியிருந்த பொருள் எரிந்துவிடும். கரி மறுபடியும் பயன்படும். இதை நம் வீட்டு அடுப்பில் செய்யக் கூடாது. நச்சுப் புகை வரும்.

சில நுண்ணுயிர்கள் எண்ணெயைத் தின்னும். டெல்லியில் உள்ள டெரி என்ற ஆராய்ச்சி நிறுவனம் அப்படிப்பட்ட நுண்ணுயிர்க் கலவையை உருவாக்கியிருக்கிறது. எண்ணெய்க் கழிவு கலந்த மண்ணில் அதைக் கலக்கிறார்கள். அது எண்ணெயைச் சிறிது சிறிதாகச் சிதைக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப் குழுவினர் வேறு வழி கண்டார்கள். மிக நுண்ணிய வெள்ளித் துகள்கள் சில பூச்சிமருந்துகளை உடைக்கும் என்று காட்டினார்கள். அந்த முறையில் செய்த வடிகட்டி 2007-இல் விற்பனைக்கு வந்தது.

வழிகள் இருக்கின்றன. ஆனால் எல்லாவற்றுக்கும் செலவு உண்டு, நேரம் உண்டு. நிலத்தடி நீரில் நஞ்சு கலந்துவிட்டால் துன்பம் பெரிது. போபாலைப் பாருங்கள். 1984 டிசம்பரில் அங்கே யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து விஷவாயு கசிந்தது. அது எல்லோருக்கும் தெரியும். ஆலையின் கழிவு நிலத்தில் இறங்கி, சுற்றியிருந்த குடியிருப்புகளின் நிலத்தடி நீரையும் கெடுத்தது. அங்குள்ள மக்களுக்கு வெளியிலிருந்து நல்ல குடிநீர் கொடுக்க உச்ச நீதிமன்றமே உத்தரவிட வேண்டியிருந்தது. கிணறு வாசலில் இருந்தும் குடிக்க முடியாத நிலை.

நாம் என்ன செய்யலாம்?

எந்த முறை எதை நீக்கும் என்று நினைவில் வையுங்கள்.

துணியில் வடித்தால் தூசியும் புழுவும் போகும்.

படிகாரமும் தேற்றான் கொட்டையும் கலங்கலைத் தெளிய வைக்கும்.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். குளோரின் போட்டாலும் சாகும். ஆனால் பூச்சிமருந்தைப் போக்க இவற்றை நம்பக் கூடாது.

செயலூட்டிய கரி வாடை, நிறம், பல வகைப் பூச்சிமருந்து ஆகியவற்றைப் பிடிக்கும்.

உப்பும் புளோரைடும் போக ஆர்.ஓ. போன்ற வேறு முறை வேண்டும்.

வீட்டில் கரி வடிகட்டி இருந்தால், டப்பாவில் போட்ட காலத்தில் கரியை மாற்றுங்கள். மாற்றிய தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள். “தண்ணீர் தெளிவாகத்தானே வருகிறது” என்று விட்டுவிடாதீர்கள். பழைய கரியைக் கிணற்றிலும் குளத்திலும் போடாதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, நஞ்சு தண்ணீருக்குள் போகாமல் தடுப்பது. கிணற்று ஓரத்தில் மருந்து கலக்காதீர்கள். ஸ்பிரேயரைக் குளத்திலோ வாய்க்காலிலோ கழுவாதீர்கள். கழுவிய நீரை மருந்தடித்த வயலிலேயே தெளித்துவிடுங்கள். மருந்து டப்பாவில் ஒருபோதும் தண்ணீரோ எண்ணெயோ பிடிக்காதீர்கள். காலி டப்பாவில் ஓட்டை போட்டுவிட்டால் யாரும் எடுத்துப் பயன்படுத்த மாட்டார்கள். வண்டி எஞ்சினிலிருந்து வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டாதீர்கள்.

அக்கா வீட்டில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். அந்தக் கிணற்று நீரைக் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள். ஊராட்சிக் குழாயில் குடிநீர் பிடிக்கிறார்கள். ஸ்பிரேயர் கழுவும் இடத்தை மாமா வயலின் நடுவே மாற்றிக்கொண்டார். கிணற்று மேட்டு மண்ணையும் வெட்டி அப்புறப்படுத்தினார். ஒரு நாள் என்னிடம் சொன்னார்: “பயிருக்கு மருந்து எவ்வளவு என்று அளந்து ஊற்றினேன். கிணற்றுக்கு எவ்வளவு போகிறது என்று அளக்காமல் விட்டுவிட்டேன்.”

நண்பர்களே! கரி நமக்கு நல்ல உதவியாளர். ஆனால் அது நஞ்சைப் பிடித்து வைக்கும், அழிக்காது. பிடிப்பதற்கும் அதற்கு ஓர் அளவு உண்டு. அந்த அளவை நாம் தெரிந்துகொண்டு பயன்படுத்துவோம். நஞ்சு நம் கிணற்றுக்குள் வராமல் முதலிலேயே தடுப்போம்.



கூடிப் பேசுவோம்

1. நம் ஊரில் ஸ்பிரேயரை எங்கே கழுவுகிறார்கள்? அங்கிருந்து குடிநீர்க் கிணறு எவ்வளவு தூரம்?

2. உங்கள் வீட்டு வடிகட்டியில் கரியை எப்போது மாற்றினீர்கள்?

3. குடிநீரைச் சோதிக்கக் கேட்டு ஊராட்சிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.